எம்பயர் பறக்கும் படகு சிமுலேட்டருக்கு: மாடல் தயார், தண்ணீரில் உட்கார மாட்டேன் என்கிறது

மண்டபம்_வடகரை

எல்லாருக்கும் வணக்கம். ஷார்ட் எஸ்.23 எம்பயர் பறக்கும் படகை மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-க்காகக் கட்டுகிறேன். 1936 ஜூலையில் ராச்செஸ்டரில் முதலில் பறந்த கனோபஸ்தான் மாதிரி. மேல்தட்டில் விமானிகளும் தபால் அறையும். கீழ்த்தட்டில் முன்னால் புகைபிடிக்கும் அறை, நடுவே சமையலிடம், அதற்குப் பின்னால் ஜன்னலோரம் கைப்பிடிக் கம்பி போட்ட உலாவும் அறை. அந்தக் கம்பியில் முழங்கையை ஊன்றி பாம்பன் பாலத்தைப் பார்க்கணும், அதற்காகத்தான் இந்த விமானம்.

பிளெண்டரில் (3டி வடிவம் கட்டும் மென்பொருள்) உடல், இறக்கை, வால் முடிந்துவிட்டன. சிக்கல்கள் இவை:

1. மண்டபத்துக்கு வடக்கே தண்ணீரில் வைத்து லோடு பண்ணினால் ஒரு முறை எகிறிக் குதிக்கிறது. அடங்கிய பிறகும் உடல் முழுக்க வெடவெடவென்று நடுங்குகிறது. வால் தாழ்ந்தே நிற்கிறது.
2. முழு த்ராட்டில் கொடுத்தாலும் 35 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போவதில்லை. இத்தனைக்கும் எஞ்சின் ஒவ்வொன்றும் 920 குதிரைத்திறன்.
3. உள்ளறைகளுக்கு எவ்வளவு டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்), எவ்வளவு முக்கோணம் (வடிவத்தைக் கட்டும் சின்னத் துண்டு) ஒதுக்குவது?
4. 1937 காலத்துப் பாம்பன் கரையை எப்படிக் கொண்டுவருவது?

இப்போதைய எண்கள்: வெற்று எடை 23,500 பவுண்டு, முழு எடை 40,500 பவுண்டு, இறக்கை நீளம் 114 அடி, உடல் நீளம் 88 அடி, இறக்கைப் பரப்பு 1,500 சதுர அடி. மிதவைப் புள்ளிகள் (விமானம் தண்ணீரைத் தொடும் இடங்களாக ஃபைலில் எழுதுபவை) ஆறு. எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் கம்ப்ரெஷன் (சும்மா நிற்கும்போது புள்ளியின் ஸ்பிரிங் அமுங்கும் அளவு) 0.2 அடி. அது ஒரு சின்ன மிதவை விமானத்தின் ஃபைலிலிருந்து எடுத்தது.

தொண்டி_தும்பி

தம்பி, உங்கள் முதல் சிக்கலுக்குப் பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 0.2 அடி என்பது சக்கர விமானத்துக்கும் சின்ன மிதவைக்கும் பொருந்தும் எண். 18 டன் படகுக்கு அது கல்லில் உட்காருவது மாதிரி. வெளி அழகையும் நாற்காலியையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் நீர்க்கோட்டைக் கண்டுபிடியுங்கள். வல்லம் கட்டுகிறவர் வண்ணம் அடிப்பதற்கு முன்னால் அணியம் (படகின் முன்முனை) எவ்வளவு தூக்கி நிற்கிறது என்றுதானே பார்ப்பார்.

கடல்நீர் ஒரு கன அடி 64 பவுண்டு. 40,500-ஐ 64-ஆல் வகுத்தால் 633 கன அடி, அதாவது 17.9 கன மீட்டர். முழு எடையில் நிற்கும்போது உங்கள் உடலின் இவ்வளவு பாகம் தண்ணீருக்குள் இருந்தே ஆகவேண்டும். இதை பிளெண்டரிலேயே அளக்கலாம்.

உடலை மட்டும் நகலெடுங்கள். ஜன்னல், கதவு ஓட்டைகளை எல்லாம் அடைத்து, மூடிய கூடாக ஆக்குங்கள். கன்ட்ரோல்-ஏ கொடுத்து ஸ்கேலை அப்ளை பண்ணுங்கள். இதை விட்டால் நீளத்தில் 2 சதவீதம் பிசகினாலே கனஅளவில் 6 சதவீதம் பிசகும். நான்-மேனிஃபோல்டு தேர்வு (கூடு மூடாத விளிம்புகளைக் காட்டும்) போட்டுப் பாருங்கள், ஒரு விளிம்பு கூட எரியக்கூடாது. பிறகு ஷிஃப்ட்-என், முகங்கள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பும். இப்போது பெரிய பெட்டி ஒன்றைக் கீழே வைத்து, அதன் மேல்முகத்தை நீர்மட்டமாக எடுத்துக்கொண்டு, பூலியன் இன்டர்செக்ட் (இரண்டுக்கும் பொதுவான பாகத்தை மட்டும் வைக்கும் கட்டளை) கொடுங்கள். கிடைத்த துண்டின் கனஅளவை 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ் சொல்லும். 17.9 வரும்வரை உடலை ஏற்றி இறக்குங்கள்.

இதோடு நிறுத்தக்கூடாது. அந்தத் துண்டுக்கு 'ஆரிஜின் டு சென்டர் ஆஃப் மாஸ், வால்யூம்' கொடுங்கள். அந்தப் புள்ளிதான் மிதப்பு மையம். அது விமானத்தின் எடை மையத்துக்கு நேர் கீழே வரவேண்டும். வரவில்லையென்றால் உடலை அரை டிகிரி, கால் டிகிரி என்று சாய்த்து, மறுபடி 17.9-க்குக் கொண்டுவந்து, மறுபடி பாருங்கள். நாலைந்து சுற்றில் பொருந்தும். கடைசியில் கிடைக்கும் சாய்வைத்தான் ஸ்டாட்டிக் பிட்ச் என்று ஃபைலில் எழுதவேண்டும். எடை மையத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரம்தான் ஸ்டாட்டிக் சிஜி ஹைட். நீங்கள் சொல்லும் முதல் எகிறல் இந்த இரண்டும் புள்ளிகளோடு ஒத்துப்போகாததால் வருவது. சிமுலேட்டர் விமானத்தை ஓர் உயரத்தில் வைக்கிறது, புள்ளிகளின் ஸ்பிரிங் வேறு உயரத்துக்குத் தள்ளுகிறது.

அடுத்தது கம்ப்ரெஷன். இதற்கு ஊகம் வேண்டாம். நீர்மட்டத்தில் வெட்டினால் கிடைக்கும் முகத்தின் பரப்பை எடுத்துக்கொண்டு, கனஅளவை அதால் வகுங்கள். பரப்பு 300 சதுர அடி என்று வந்தால் 633 ÷ 300 = 2.1 அடி. அதுவே ஸ்டாட்டிக் கம்ப்ரெஷன். நடுக்கமும் இதிலேயே தீரும். மேலும் கீழும் ஆடும் ஒரு சுற்றின் நேரம், கம்ப்ரெஷனின் வர்க்கமூலத்தை 1.1-ஆல் பெருக்கினால் வரும். 0.2 அடிக்கு அரை விநாடி, அதுதான் உங்கள் வெடவெடப்பு. 2.1 அடிக்கு 1.6 விநாடி, இதுதான் கனமான படகு அசையும் அசைவு. டாம்பிங்கை (ஆட்டத்தை அடக்கும் எண்) 0.5-இல் தொடங்கி 0.7-க்குள் வையுங்கள்.

புள்ளியின் செங்குத்து இடம்: எடை மையத்துக்குக் கீழே 6.5 அடியில் நீர்மட்டம் என்றால், புள்ளி −6.5 − 2.1 = −8.6 அடியில். புள்ளியை மாடலின் ஏராவிலேயே (உடலின் அடிமுதுகு) ஒட்டவைக்கத் தேவையில்லை. இது ஸ்பிரிங் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான்.

வரிசை நான்கு போதும்: அணியம், படிக்கு முன்னால், படி, பின்முனை. எல்லாம் 4-ஆம் வகைப் புள்ளிகள். அடிப்பகுதியில் உடைந்து மேலேறும் அந்தப் படிதான் பறக்கும் படகின் உயிர். அதன் புள்ளி எடை மையத்துக்குச் சற்றே பின்னால் இருக்கவேண்டும். மையத்திலிருந்து செங்குத்தாக இறக்கிய கோட்டுக்கும், மையத்தையும் படியையும் சேர்க்கும் கோட்டுக்கும் நடுவே 8 டிகிரி எடுத்துக்கொள்ளுங்கள். மையம் ஏராவுக்கு 8 அடி மேலே இருந்தால் படி 1.1 அடி பின்னால் வரும். மூன்று நாலு அடி பின்னால் போய்விட்டால் ஓட்டத்தின் முடிவில் மூக்கு தூக்காது. மையத்துக்கு முன்னால் வந்துவிட்டால் வால் தாழும். உங்களுடையதில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, உடலின் புள்ளிகளை அகலமாகப் பரப்பாதீர்கள். நிஜப் படகு நடு உடலில் மட்டும் நின்றால் பக்கவாட்டில் சாயும். ஏதாவது ஒரு இறக்கை மிதவை எப்போதும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். மிதவை நடுக்கோட்டிலிருந்து 40 அடி தள்ளி இருந்தால், 1 டிகிரி சாய்வுக்கு அது 0.7 அடி இறங்கும். ஆகவே நேராக நிற்கும்போது மிதவைப் புள்ளி நீருக்கு முக்கால் அடி மேலே இருக்கட்டும். இரண்டு மிதவையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இருந்தால் பார்க்கவே பொம்மை மாதிரி இருக்கும்.

5-ஆம் வகை, அதாவது நீர்ச் சுக்கான், சேர்க்க வேண்டாம். இந்த அளவுப் படகுகளை வெளி எஞ்சின் இரண்டையும் ஏற்றி இறக்கித்தான் திருப்புவார்கள்.

நிலைமத் திருப்புத்திறனை (சுழற்றும்போது உடல் காட்டும் எதிர்ப்பு) எடையை வைத்துக் கணக்கிடலாம். பறக்கும் படகு வகைக்கு வடிவமைப்புப் பாடங்களில் வரும் ஆரக் குணகங்கள் 0.25, 0.32, 0.41. வெற்று எடைக்கு ரோல் (பக்கவாட்டில் சாய்வது) 1,48,000, பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது) 1,45,000, யா (இடம் வலம் திரும்புவது) 3,13,000 ஸ்லக் சதுர அடி வருகிறது. இதில் தொடங்குங்கள்.

உச்சிப்புளி_எஞ்சின்

தும்பி அண்ணே சொன்ன நீர்க்கோட்டுக் கணக்கு அப்படியே சரி. கடைசி மூன்று எண்ணில் மட்டும் ஒரு திருத்தம். எந்தத் திடப்பொருளுக்கும் யா மதிப்பு, ரோலையும் பிட்சையும் கூட்டினால் வருவதைத் தாண்டமுடியாது. 1,48,000 + 1,45,000 = 2,93,000. யா 3,13,000 என்று போட்டால் இயற்கையில் இல்லாத பொருள் ஆகிவிடும். திரும்பும்போது இறக்கை விசித்திரமாக அலையும். குணகங்கள் பல விமானங்களின் சராசரி. எம்பயரில் நாலு எஞ்சினும் இறக்கையில் வரிசையாக இருப்பதால் ரோலைத்தான் ஏற்றவேண்டும். 0.25-ஐ 0.28 ஆக்குங்கள், ரோல் 1,86,000 ஆகும். கூட்டினால் 3,31,000, யா அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 35 நாட்டில் நிற்பது தற்செயல் இல்லை. பறக்கும் படகு ஓடத் தொடங்கும்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். கிளம்பும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே எதிர்ப்பு உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால்தான் படியில் ஏறி வழுக்கும். அந்த உச்சத்தைத்தான் மேடு என்கிறோம். அதில் எதிர்ப்பு எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அதாவது 8,000 பவுண்டுக்குக் கிட்டத்தட்ட. நாலு எஞ்சினும் சேர்ந்து 3,680 குதிரைத்திறன். காற்றாடியின் (புரொப்பெல்லர்) அலகு சரியான கோணத்தில் இருந்தால் மேட்டைத் தாண்டும், ஆனால் மிச்சம் கொஞ்சம்தான். கோணம் தப்பினால் தாண்டவே தாண்டாது.

எம்பயரின் டி ஹாவிலாண்ட் காற்றாடிக்கு இரண்டே நிலை: கிளம்ப நுண்கோணம், பறக்கப் பருங்கோணம். நீங்கள் ஃபிக்ஸட் பிட்ச் (கோணம் மாறாத வகை) போட்டு மணிக்கு 165 மைலுக்குப் பொருந்தும் கோணத்தைக் கொடுத்திருப்பீர்கள். அது பறக்கும்போது அருமையாக இருக்கும், தண்ணீரில் எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும்.

சிமுலேட்டரில் இரண்டு நிலைக் காற்றாடி என்று தனி வகை கிடையாது. கான்ஸ்டன்ட் ஸ்பீடு வகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கவர்னர் என்ற கருவி சுற்று மாறாதபடி கோணத்தைத் தானே மாற்றும். பீட்டா மினிமம் நுண்கோணம், பீட்டா மேக்ஸிமம் பருங்கோணம். கவர்னரின் மேல் சுற்றை எஞ்சின் எட்டமுடியாத உயரத்திலும், கீழ்ச் சுற்றை மிகத் தாழ்வாகவும் வையுங்கள். லீவர் முன்னால் இருந்தால் கவர்னர் சுற்றைத் துரத்திக்கொண்டு நுண்கோண முட்டிலேயே நிற்கும். பின்னால் இழுத்தால் பருங்கோண முட்டில் நிற்கும். நடுவில் நிற்காதபடி லீவரின் பிஹேவியர் கோடில் பாதிக்கு மேல் முழுசு, பாதிக்குக் கீழ் சுழி என்று எழுதிவிடுங்கள். கோணங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை: நின்ற இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் சுற்று எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும், அது நுண்கோணம். 200 மைல் உச்ச வேகத்தில் அதேபோல் இருக்கவேண்டும், அது பருங்கோணம். ஏறின பிறகு பருங்கோணத்துக்கு மாற்ற மறந்தால் சுற்று எகிறும். அது பிழை இல்லை, நிஜமும் அதுதான்.

எஞ்சின் ஃபைலில் எம்பயரின் பெகாசஸ் எஞ்சின்: 9 சிலிண்டர், துளை 5.75 அங்குலம், ஸ்ட்ரோக் 7.5 அங்குலம். ஒரு சிலிண்டருக்கு 194.8 கன அங்குலம் போடுங்கள். பிரிட்டிஷ் பூஸ்ட் மீட்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) பவுண்டில் காட்டும், சிமுலேட்டர் பாதரச அங்குலத்தில் தரும். 29.92-ஐக் கழித்து 0.491-ஆல் பெருக்கினால் பூஸ்ட். வேகமானி மைலில்தான் இருக்கவேண்டும், நாட்டில் அல்ல.

பெட்ரோல் டேங்க் அளவில் பலர் வழுக்குகிறார்கள். 760 மைல் தூரத்தை 165 மைல் வேகத்தில் போக 4.6 மணி நேரம். எஞ்சினுக்கு ஏறத்தாழ 510 குதிரைத்திறன், குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு என்று கணக்குப் போட்டால் மொத்தம் 4,700 பவுண்டு. இம்பீரியல் (பிரிட்டிஷ்) கேலனில் சுமார் 650. சிமுலேட்டர் கேட்பது அமெரிக்கக் கேலன், அதில் 780. பழைய ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே போட்டால் ஆறில் ஒரு பங்கு எரிபொருள் காணாமல் போகும்.

ஒலிக்கு ஒரு வார்த்தை. 9 சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் 2,250 சுற்றில் விநாடிக்கு 169 வெடிப்பு. நாலு எஞ்சினுக்கும் ஒரே ஒலிக் கோப்பு, ஒரே சுருதி போட்டால் தட்டையாக இருக்கும். ஒவ்வொன்றையும் அரை சதவீதம் தள்ளி வையுங்கள், அந்த அலையலையான முழக்கம் தானாக வரும். பெர்சியஸ் எஞ்சின் ஒலியைப் போடாதீர்கள். அது ஸ்லீவ் வால்வு, பிந்தைய எஸ்.30-க்கு உரியது. பெகாசஸ் பாப்பெட் வால்வு, சத்தம் இன்னும் கடகடப்பு.

கீழை_காக்கா

தம்பி, மூன்றாவதுக்கு நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் வடிவத்தைப் பற்றி ஒன்று. ஷார்ட்டின் போர்ப் பறக்கும் படகான சண்டர்லாண்டின் வரைபடங்கள் நிறையக் கிடைக்கும் என்பதால் அதை இழுத்து நீட்டி எம்பயர் ஆக்குகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் சண்டர்லாண்டின் இறக்கை பின்பக்கமாக 4 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். வாலில் துப்பாக்கிக் கூண்டு வந்து எடை பின்னால் போனதால் அப்படித் திருப்பினார்கள். எம்பயருக்கு அந்தச் சாய்வு கிடையாது. மேலிருந்து பார்க்கும் படத்தில் முதலில் இதைச் சரிபாருங்கள். வரைபடத்தில் இறக்கை நீளத்தை உடல் நீளத்தால் வகுத்தால் 1.295 வரவேண்டும். வராவிட்டால் ஸ்கேன் செய்தபோது ஒரு பக்கம் இழுபட்ட படம், அதை நம்பி வரையக்கூடாது. பழைய புகைப்படங்களை எஃப்ஸ்பை மென்பொருளில் போட்டு கேமரா கோணத்தை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். தட்டையாகப் பின்னால் ஒட்டவைத்து வரைந்தால் மூக்கு எப்போதும் பருத்துத்தான் வரும்.

வெளிப்புறம்: 26.8 மீட்டர் உடலை ஒரே 4,096 டெக்ஸ்சரில் விரித்தால் ஒரு பிக்ஸல் 6.5 மில்லிமீட்டர். ஆணித்தலை அதில் தெரியவே தெரியாது. மூன்றாக வெட்டினால் 2.2 மில்லிமீட்டர், அது போதும். ஆணிகளை முக்கோணமாகக் கட்டவேண்டாம், நார்மல் மேப்பில் (மேடு பள்ளம் போலக் காட்டும் படம்) போடுங்கள். கலவை டெக்ஸ்சரில் (ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குணத்தை வைக்கும் படம்) சிவப்பு நிழல், பச்சை சொரசொரப்பு, நீலம் உலோகத்தன்மை. பச்சையும் நீலமும் மாறிப்போனால் உடல் முழுக்க ஈயம் பூசியது மாதிரி இருக்கும். வண்ணம் அடிக்காத அலுமினியத் தகட்டுக்கு உலோகத்தன்மை 1, சொரசொரப்பு 0.25 முதல் 0.35. தகட்டுக்குத் தகடு அதில் சின்ன வித்தியாசம் வையுங்கள். வெயில் படும்போது ஒவ்வொரு தகடும் தனியாகப் பளிச்சிடும்.

அழுக்குப் பூசும்போது ஒன்று கவனியுங்கள். நம் ஜெட்டியில் கிடக்கும் இரும்பு நங்கூரம் செம்பழுப்பாகத் துருப்பிடித்து ஏடு ஏடாக உரியும். பக்கத்திலேயே கிடக்கும் அலுமினியச் சட்டியில் செந்துரு இருக்காது, சாம்பல் படிந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விமான உடலுக்கு இரண்டாவதுதான். நீர்க்கோட்டுக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் உப்புக் கறை, எஞ்சின் புகைபோக்கிக்குப் பின்னால் கரி. செந்துரு எஃகுக் கொக்கிகளில் மட்டும்.

உள்ளறை: 24 இருக்கை. ஒரே நாற்காலியைச் செய்து 24 இடத்தில் வையுங்கள். ஒன்றுக்கு 6,000 முக்கோணம் என்றால் மொத்தம் 1,44,000. பக்கத்தில் நின்று பார்க்க அது நியாயம். வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தெரியும் நாற்காலிக்கு 2,000-க்குக் கீழே ஒரு எளிய நகல் போதும். உள் மாடலும் வெளி மாடலும் தனித்தனி கோப்பு என்பதால் இரண்டிலும் முழு நாற்காலியை வைத்து இயந்திரத்தைக் களைக்க வைக்காதீர்கள். தோல் 0.5 சொரசொரப்பு, கம்பளம் 0.9, மரத்துக்கும் தோலுக்கும் உலோகத்தன்மை சுழி. மரத்தைப் பளபளப்பாக்க உலோகத்தன்மையைக் கூட்டுவது பலர் செய்யும் தப்பு. சொரசொரப்பைக் குறைத்தால் போதும்.

நிழலை பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் கணக்கிட்டு டெக்ஸ்சரிலேயே பதித்துவிடுங்கள், 128 சாம்பிள். சொகுசு என்று நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் இந்த நிழல்தான்: மெத்தையின் மடிப்பு, கம்பிக்குக் கீழே விழும் கோடு, கம்பளமும் சுவரும் சேரும் இருட்டு. உலாவும் அறையில் கைப்பிடிக் கம்பியை மட்டும் தாராளமாகக் கட்டுங்கள். உருண்டையான குழாய்க்கு 24 பக்கம், தாங்கும் கொக்கி ஒவ்வொன்றும் தனியாக. கண் அதற்கு அரை மீட்டரில் இருக்கும். நின்று பார்க்கும் கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர், உட்கார்ந்தால் 1.15. கேமராவை ஜன்னலுக்கு மிக நெருக்கமாக வைத்தால் அருகே உள்ளவை வெட்டுப்படும். 30 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

எடையிலும் உள்ளறையை மறக்காதீர்கள். 40,500-க்கும் 23,500-க்கும் நடுவே உள்ள 17,000 பவுண்டு முழுவதும் பயணியும் தபாலும் இல்லை. ஆயில், நங்கூரம், கயிறு, சமையலறைச் சாமான், படுக்கைகள் எல்லாம் அதற்குள். தபால் அறை மேல்தட்டில் முன்பக்கம், அதற்கு லோடு ஸ்டேஷன் (எடை ஏற்றும் இடம்) தனியாக வைத்தால்தான் தபால் ஏற்றும்போது மூக்கு எவ்வளவு தாழ்கிறது என்று தெரியும்.

மண்டபம்_வடகரை

காக்கா, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. நீர்க்கோடு பொருந்திவிட்டது, எகிறலும் நடுக்கமும் போய்விட்டன. படிப் புள்ளி மையத்துக்கு 2 அடி முன்னால்தான் இருந்தது. காற்றாடி மாற்றியதும் மேட்டைத் தாண்டுகிறது. இப்போது 60 நாட்டுக்கு மேல் மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகி, தண்ணீரிலிருந்து தூக்கிப் போடுகிறது. டாம்பிங்கை 1.0 வரை ஏற்றியும் நிற்கவில்லை. இன்னொன்று, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) எப்படி வைப்பது?

தொண்டி_தும்பி

ஆட்டத்தின் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அரை விநாடி என்றால் ஸ்பிரிங் குற்றம். இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று, வளர்ந்துகொண்டே போகிறது என்றால் அது ஓங்கில் (டால்பின்) துள்ளுவது மாதிரியான துள்ளல். நிஜப் பறக்கும் படகுகளுக்கும் உண்டு. அதை டாம்பிங்கால் அடக்கப் பார்க்காதீர்கள், பழையபடி 0.6-க்கு இறக்குங்கள். ஏற்றிவைத்தால் இறங்கும்போது தண்ணீர் கான்கிரீட் ஆகிவிடும்.

துள்ளலுக்கு இரண்டு எல்லை. மேட்டைத் தாண்டிய வேகத்தில் மூக்கு மிகத் தாழ்ந்திருந்தால் ஒன்று, கிளம்பும் வேகத்தை நெருங்கும்போது மூக்கு மிக உயர்ந்திருந்தால் இன்னொன்று. 60 நாட்டுக்கு மேல் வருவதால் உங்களுடையது இரண்டாவது. ஸ்டிக்கை முழுக்க இழுத்தே வைத்திருக்கிறீர்கள். மேடு தாண்டும்வரை இழுத்துப் பிடியுங்கள், தாண்டியதும் நடுவுக்கு விட்டு 5 முதல் 7 டிகிரிக்குள் வைத்திருங்கள். அப்படியும் துள்ளினால் பின்முனைப் புள்ளி அதிக ஆழத்தில் இருக்கிறது, படியில் ஓடும்போதும் தண்ணீரில் இழுபடுகிறது. அரை அடி மேலே ஏற்றுங்கள். ஏற்றியபின் ஸ்டாட்டிக் பிட்சை மறுபடி சரிபார்க்கவேண்டும்.

ஃப்ளாப்: ஆர்தர் கோஜ் வடிவமைத்தது. கீல் வைத்துத் தொங்குவதில்லை, வளைந்த தடத்தில் பின்னோக்கி வழுக்கி வெளியே வரும். பரப்பும் கூடும், வளைவும் கூடும். ஏற்றக் குணகம் 30 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக் கணக்குப் போடலாம். முழு எடையில் ஃப்ளாப் இல்லாமல் குணகம் 1.4 என்றால் ஸ்டால் (இதற்குக் கீழே இறக்கை தாங்காது என்ற வேகம்) மணிக்கு 87 மைல். ஃப்ளாப்போடு 1.82, ஸ்டால் 76 மைல். உங்கள் மாடலில் இந்த இரண்டுக்கும் நடுவே 10, 12 மைல் வித்தியாசம் வருகிறதா என்று 3,000 அடியில் பறந்து பாருங்கள். 25 மைல் வந்தால் ஃபைலில் உள்ள லிஃப்ட் ஸ்கேலர் (ஃப்ளாப் தரும் ஏற்றத்தின் பெருக்கி) அதிகம். இந்த ஃப்ளாப்பின் பெருமையே இறக்கும்போது மூக்கு அதிகம் தாழாது என்பதுதான், பிட்ச் ஸ்கேலரைச் சுழிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பாம்பன்_பருந்து

நாலாவது கேள்வி இன்னும் நிற்கிறதே. எம்பயர் படகுகளின் வழித்தடம் கராச்சி, ராஜ்சமந்த், குவாலியர், அலகாபாத், கல்கத்தா. நம் கரைக்கு வந்த தடம் இல்லை. ஆகவே இது கற்பனைப் பயணம், ஆனால் கரையை 1937 போலவே வைக்கலாம்.

நீக்கவேண்டியவை: 1988-இல் திறந்த சாலைப் பாலம், 2025-இல் திறந்த செங்குத்துத் தூக்கு ரயில் பாலம், உச்சிப்புளி கடற்படைத் தளம், செல்போன் கோபுரங்கள். வைக்கவேண்டியவை: 1914-இன் ரயில் பாலம், நடுவே இரண்டாகப் பிளந்து தூக்கும் ஷெர்சர் பாகத்தோடு. அதோடு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில் பாதை, அங்கே தலைமன்னார் கப்பல் நிற்கும் துறை. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி என்பதால் ஊர் முழுசாக வேண்டும். டெவலப்பர் மோடில் பாலிகன் (பல கோண எல்லைக்கோடு) வரைந்து கட்டடங்களையும் மரங்களையும் விலக்குங்கள். செயற்கைக்கோள் படத்தில் பதிந்திருக்கும் சாலைப் பாலத்தின் நிழல் விலகாது. அதன்மேல் தண்ணீர் பாலிகன் ஒன்று தனியாகப் போடவேண்டும். விலக்கும் பாலிகனை முதலில் சேமித்து, சிமுலேட்டரை மறுபடி திறந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் பழைய பாலத்தை வையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதை மறைக்கிறது என்று தெரியாமல் தலை சுற்றும்.

நீரோடுதளம்: பாம்பன் வாய்க்காலுக்குள் வேண்டாம். வடகடலில் (பாக் விரிகுடா) மண்டபத்துக்கு வடக்கே, கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, தென்மேற்கு-வடகிழக்காக 2 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். மேற்பரப்பு வகை வாட்டர். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் கரைக்குப் பக்கத்தில் அலை தாழ்ந்திருக்கும், காற்று மட்டும் நன்றாக அடிக்கும். பறக்கும் படகுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. கரையை நோக்கித்தான் கிளம்பவேண்டியிருக்கும், அதற்குத்தான் அந்த 3 கிலோமீட்டர். வாடைக்காற்றில் இது தலைகீழ். ஆனால் தென்கடல் பக்கம் குருசடை முதலான தீவுகளும் பாறைத் திட்டுகளும் இருப்பதால் ஓடுதளம் வரைய இடம் பார்த்து வரையுங்கள். சிமுலேட்டர் அலையைக் காற்றின் வேகத்திலிருந்து மட்டுமே எடுக்கிறது, கரையின் மறைப்பைப் பார்ப்பதில்லை. கச்சான் வேண்டுமென்றால் காற்றை 20 நாட்டு என்று போடாமல் 10, 12 என்று போடுங்கள், வடகடலின் அலை அப்போதுதான் அளவாக வரும்.

காற்றைச் சுழி ஆக்கினால் தண்ணீர் கண்ணாடி ஆகிவிடும், உயரம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது 200 அடியில் ஃப்ளாப்போடு மூக்கை நிலைநிறுத்தி, நிமிடத்துக்கு 150 அடி இறக்கத்தில் பவரை வைத்துக்கொண்டு, தண்ணீர் தொடும்வரை எதையும் மாற்றாமல் வாருங்கள்.

முதல் நெடும்பயணத்துக்கு இலங்கையின் தென்கரையில் கொக்கலை நல்ல இலக்கு. இரண்டாம் உலகப்போரில் பறக்கும் படகுகள் நின்ற இடம் அது. மண்டபத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 210 நாட்டிகல் மைல், 165 மைல் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள். கிளம்பியதும் பாலத்துக்கு இணையாக 800 அடியில் ஒரு சுற்று வாருங்கள், பாலம் உலாவும் அறையின் கம்பி இருக்கும் பக்கமாக வரும்படி.

மண்டபம்_வடகரை

பின்முனைப் புள்ளியை அரை அடி ஏற்றியதும் துள்ளல் நின்றது. ஸ்டால் வித்தியாசம் 14 மைல் வருகிறது, லிஃப்ட் ஸ்கேலரைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். பாலிகன் வேலை நாளைக்குத் தொடங்குகிறேன். ஷெர்சர் பாகம் திறந்து மூடும் அனிமேஷனுக்குத் தனித் திரி போடுகிறேன், பருந்து அண்ணே அங்கே வந்துடுங்க.